இரண்டு மீற்றர் தய்யாரா



எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்காகத் தரம் 10, 11 பிள்ளைகள் செய்த விமானத்தின் படங்களைப் போட்டதிலிருந்து மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இது என்ன விமானம்? எப்படிச் செய்தீர்கள்? யுத்த விமானத்தைத்தான் பிள்ளைகளுக்குச் செய்யக் கொடுக்க வேண்டுமா? மூன்றாவதைக் கேட்டவர்களில் உம்மாமார்தான் அதிகம். நியாயமான கேள்வி. மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

*இது என்ன விமானம்?*

இதன் பெயர் பிளேரியோ 11. லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர், கார்களுக்கு விளக்குச் செய்து விற்றுச் சம்பாதித்த பணத்தையெல்லாம் பறக்கும் இயந்திரங்களில் கொட்டியவர். 1909 ஜூலை 25ஆம் திகதி இந்த விமானத்தில் ஏறி, பிரான்சின் கலே பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கடலைக் கடந்தார். எடுத்த நேரம் ஏறத்தாழ 37 நிமிடம். மூன்று சிலிண்டர், 25 குதிரை வலு கொண்ட எஞ்சின். இன்று நம் ஊரில் ஓடும் சில மோட்டார் சைக்கிள்களுக்கு அதைவிட வலு உண்டு.

அந்த ஒரு பயணத்தால் உலகெங்கும் இந்த விமானத்துக்குக் கிராக்கி வந்தது. நம் நாட்டு வானத்திலும் பறந்திருக்கிறது. 1912இல் மார்க் பூர்ப், ஜோர்ஜ் வெர்மிங்க் என்ற இரண்டு பிரெஞ்சு விமானிகள் பிளேரியோ விமானங்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறந்து காட்டினார்கள். இலங்கை மக்களுக்கு விமானம் பறப்பது புதிதாக இருந்த காலம் அது. நம்மவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, வேறோர் ஊரில் அதே விமானத்தை மக்கள் வேறு விதமாகப் பார்த்துவிட்டார்கள்.

*திரிப்போலியின் வானம்*

1911 செப்டெம்பர் இறுதியில், உஸ்மானிய ஆட்சியின் கீழ் இருந்த லிபியாவைக் கைப்பற்ற இத்தாலி யுத்தம் தொடங்கியது. கப்பலில் வந்த படையோடு சில விமானங்களும் வந்தன. ஒக்டோபர் 23ஆம் திகதி கப்டன் கார்லோ பியாட்சா என்ற இத்தாலிய அதிகாரி ஒரு பிளேரியோ 11இல் ஏறி, உஸ்மானியப் படையும் அரபுக் கோத்திரத்தாரும் எங்கே நிற்கிறார்கள் என்று மேலிருந்து பார்த்துவிட்டு வந்தார். யுத்தத்தில் விமானம் உளவு பார்க்கப் போன முதல் பறப்பு இதுதான். நம் பிள்ளைகள் செய்த மாதிரி, உலகின் முதலாவது யுத்த விமானத்தின் மாதிரி என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 1ஆம் திகதி, ஜூலியோ கவோட்டி என்ற இளம் லெப்டினன்ட் இன்னொரு வகை விமானத்தில் போனார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள நான்கு குண்டுகளைக் கையோடு கொண்டுபோனார். அய்ன் ஸாரா, தாஜூரா என்ற இடங்களில் அவற்றைக் கையாலேயே வீசினார். விமானத்திலிருந்து மனிதர் மேல் விழுந்த முதல் குண்டுகள் இவை. அந்த விமான வகையின் பெயர் தௌபே. ஜேர்மன் மொழியில் அதற்கு "புறா" என்று அர்த்தம்.

கீழே நின்றவர்களிடம் விமானமும் இல்லை, விமானத்தை விழுத்தும் பீரங்கியும் இல்லை. இந்த இடத்தை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அவங்க ஓடி ஒளியுறதுக்குச் சரி தெரிஞ்சிருக்குமா?" தெரிந்திருக்காது. வானத்திலிருந்து ஆபத்து வரும் என்று அதற்கு முன் எவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

*எப்படிச் செய்தோம்?*

நாங்கள் செய்தது பிளேரியோ 11இன் இரண்டு இருக்கை கொண்ட இராணுவ வகை. அசலின் இறக்கை முனைக்கு முனை சுமார் 10 மீற்றர். ஐந்தில் ஒன்றாகக் குறைத்ததால் எங்களுடையது 2 மீற்றர். வகுப்பறைக் கதவால் நேராகக் கொண்டுபோக முடியாது, சரித்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

அசலில் எலும்புக்கூடு ஆஷ் என்ற மரத்தால் ஆனது. எங்களுக்கு மூங்கில். பட்டம் கட்டத் தெரிந்த பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். சிம்பு வாரவும், நெருப்பில் காட்டி வளைக்கவும், இரண்டு பக்கப் பாரமும் சமமா என்று விரலில் வைத்துப் பார்க்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. பாடத்தில் பின்தங்கியவர்கள் என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகள் அந்தக் கிழமை முன்னுக்கு நின்றார்கள்.

இறக்கைக்கு வெள்ளைத் துணி. கஞ்சி போட்டு விறைப்பாக்கினோம். உடம்பின் பின்பாதிக்குத் துணி இல்லை. முடிக்கவில்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அசலே அப்படித்தான், பின்னால் எலும்பு தெரியும். சில்லுகள் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் துணைக்குப் பூட்டும் சில்லுகள். எஞ்சினின் ஏழு சிலிண்டருக்கும் தையல் கடையில் வாங்கிய ஏழு வெற்று நூல்கட்டைகள்.

அந்த எஞ்சின் ஒரு விசித்திரம். நோம் என்ற பிரெஞ்சுக் கம்பனியுடையது. காற்றாடி மட்டும் சுற்றாது, அதோடு சேர்ந்து எஞ்சினின் சிலிண்டர்களும் சுற்றும். சுற்றும் வேகத்தில் காற்றுப் பட்டு எஞ்சின் ஆறும். அதற்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். எரிந்தது போக மிச்ச எண்ணெய் விமானியின் முகத்தில்தான் வந்து படும். ஆமணக்கெண்ணெய் எதற்குக் குடிக்கக் கொடுப்பார்கள் என்று தெரிந்த பிள்ளைகள் அன்று முழுக்கச் சிரித்தார்கள்.

கம்பிகளுக்குத் தங்கூசி. இதுதான் முழு வேலையிலும் முக்கியமானது. இந்த விமானத்தில் இறக்கையைத் தாங்குவது மரம் இல்லை, கம்பி. உடம்புக்கு மேலே ஒரு சிறு கூம்பு, கீழே ஒரு சட்டம். இரண்டிலிருந்தும் இறக்கைகளுக்குக் கம்பிகள் போகின்றன. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தள்ளும், கீழ்க்கம்பிகள் அதைப் பிடித்திருக்கும். தரையில் நிற்கும்போது இறக்கை தன் பாரத்தால் தொங்கும், மேல்கம்பிகள் அதைப் பிடித்திருக்கும். திரும்புவதும் கம்பியால்தான். இறக்கையின் நுனியை முறுக்கித்தான் விமானத்தைச் சரிப்பார்கள். எங்கள் மாதிரியிலும் அது வேலை செய்கிறது. தடியை ஒரு பக்கம் சாய்த்தால் இறக்கை நுனி மெதுவாக முறுகும்.

கண்காட்சியில் பிள்ளைகள் ஒரு மேல்கம்பியைக் கழற்றிக் காட்டுகிறார்கள். இறக்கை உடனே சோர்ந்து தொங்குகிறது. திரும்பக் கொளுவினால் எழும்புகிறது.

இங்கே ஒரு கணக்கும் இருக்கிறது. நீளம் ஐந்து மடங்கானால் பரப்பு 25 மடங்காகும், கனவளவு 125 மடங்காகும். ஒரு தடியின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. பாரம் கனவளவில் இருக்கிறது. எங்கள் மாதிரியை அதே பொருளில் அப்படியே ஐந்து மடங்கு பெருப்பித்தால், பலம் 25 மடங்குதான் கூடும், பாரமோ 125 மடங்கு கூடும். அதாவது ஒவ்வொரு தடிக்கும் ஐந்து மடங்கு சுமை. விளையாட்டுப் பொருள் போல உறுதியாக நிற்கும் இதே வடிவம், உண்மையான அளவில் ஒரு கம்பியை நம்பித்தான் நின்றது.

அந்தக் காலத்தில் பல விமானங்களின் இறக்கை வானத்திலேயே முறிந்தது. 1912இல் பிளேரியோ தானே பிரெஞ்சு அரசுக்கு அறிக்கை எழுதினார். பறக்கும்போதும் சில வேளை காற்று மேலிருந்து கீழாக இறக்கையை அமுக்கும், மேல்கம்பிகள் அதற்குப் போதாது என்று சொன்னார். பிரெஞ்சு இராணுவம் ஒற்றை இறக்கைத் தட்டு விமானங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்து, பலப்படுத்திய பிறகுதான் பறக்கவிட்டது. தன் சரக்கில் உள்ள குறையைத் தானே எழுதிக் கொடுத்த வியாபாரி என்று பிள்ளைகளிடம் இதையும் சொன்னேன்.

*இஸ்தான்புலிலிருந்து கெய்ரோவுக்கு*

இனி இந்த மாதிரியின் இறக்கையில் எழுதியிருக்கும் பெயருக்கு வருகிறேன். முஆவனத்தே மில்லிய்யே. "தேசிய உதவி" என்று அர்த்தம்.

லிபியா யுத்தம் தொடங்கிய அதே 1911இல், உஸ்மானிய இராணுவமும் விமானப் பிரிவு ஒன்றை ஆரம்பித்து, அதிகாரிகளை பிரான்சில் உள்ள பிளேரியோவின் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்பியது. அடுத்து வந்த பால்கன் யுத்தங்களில் பெரும் தோல்வி. கஜானாவில் காசில்லை. பொதுமக்கள் நன்கொடை சேர்த்து விமானம் வாங்கினார்கள். 1913இல் பல்கீஸ் ஷவ்கத் ஹானிம் என்ற பெண் இஸ்தான்புலில் விமானத்தில் ஏறிப் பறந்தார். இராணுவத்துக்கு விமானம் வாங்க உதவி கேட்டு, பெண்கள் சங்கத்தின் துண்டுப் பிரசுரங்களை மேலிருந்து நகரத்தின் மேல் தூவினார். விமானத்தில் ஏறிய முதல் உஸ்மானியப் பெண் அவர். அன்று விமானத்தை ஓட்டியவர் ஃபத்ஹி பே.

1913 டிசம்பர் இறுதியில் ஜூல் வேத்ரீன் என்ற பிரெஞ்சு விமானி பரிஸிலிருந்து இஸ்தான்புல் வழியாகக் கெய்ரோவரை ஒரு பிளேரியோவில் பறந்து போய்ச் சேர்ந்தார். உஸ்மானிய மண்ணுக்கு மேலாக ஒரு வெளிநாட்டவர் பறந்துவிட்டார், நம்மால் முடியாதா என்ற கேள்வி எழுந்தது.

1914 பெப்ரவரி 8ஆம் திகதி இஸ்தான்புலிலிருந்து இரண்டு விமானங்கள் கெய்ரோவை நோக்கிக் கிளம்பின. ஒன்று இந்த முஆவனத்தே மில்லிய்யே. அதில் ஃபத்ஹி பே, ஸாதிக் பே. மற்றது தெபெர்துஸான் வகை. அதில் நூரி பே, இஸ்மாயில் ஹக்கி பே. தூரம் ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர்.

ஃபத்ஹியும் ஸாதிக்கும் கொன்யாவைக் கடந்து, டோரஸ் மலைத்தொடரைத் தாண்டி, பெய்ரூட், டமஸ்கஸ் வரை வந்தார்கள். போன இடமெல்லாம் மக்கள் திரண்டார்கள். பெப்ரவரி 27ஆம் திகதி டமஸ்கஸிலிருந்து ஜெரூசலம் நோக்கிக் கிளம்பியவர்கள், திபேரியாஸ் ஏரிக்குக் கிழக்கே விழுந்து இருவரும் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இரண்டாவது விமானம் மார்ச் 11ஆம் திகதி யாபாவில் கடலில் விழுந்தது. நூரி பே மூழ்கிப்போனார். இஸ்மாயில் ஹக்கி பே உயிர் தப்பினார்.

மூன்று ஜனாஸாக்களும் டமஸ்கஸில், உமையாப் பள்ளிவாசலின் அருகே, ஸலாஹுத்தீன் ஐயூபியின் கப்ருக்குப் பக்கத்தில் அடக்கப்பட்டன. இஸ்தான்புலின் ஃபாத்திஹ் பகுதியில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1916இல் கட்டி முடிக்கப்பட்டது. மேல்பகுதி முறிந்த ஒரு தூண். துருக்கியர் அதைத் "தய்யாரே ஷஹீத்கள்" நினைவுச் சின்னம் என்கிறார்கள். தய்யாரா என்பது அரபியில் விமானம் என்று மத்ரஸாப் பிள்ளைகளுக்குத் தெரியும். துருக்கியின் தென்மேற்கில் சுற்றுலாப் பயணிகள் போகும் ஃபெத்ஹியே என்ற ஊரும் இவர் பெயர்தான். மெக்ரி என்றிருந்த ஊருக்கு 1934இல் அந்தப் பெயர் வைத்தார்கள்.

இரண்டு விமானமும் போன பிறகு பயணத்தைக் கைவிடவில்லை. ஸாலிம் பே, கமால் பே என்ற இருவர் "எட்ரெமிட்" என்ற இன்னொரு பிளேரியோவில் 1914 மே மாதம் கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். எட்ரெமிட் என்பது அந்த விமானத்துக்குக் காசு சேர்த்துக் கொடுத்த ஊரின் பெயர். மூன்று மாதத்துக்குள் முதலாம் உலக யுத்தம் தொடங்கிவிட்டது.

*யுத்த விமானம் ஏன்?*

இப்போது உம்மாமாரின் கேள்விக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் வரலாற்றை இரண்டே விதமாகக் கேட்டு வளர்கிறார்கள். ஒன்று, நாம் அநியாயம் செய்யப்பட்டவர்கள். மற்றது, நம்மிலும் வீரர்கள் இருந்தார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இந்த விமானம் இரண்டுக்குள்ளும் முழுதாக அடங்காது. 1911இல் திரிப்போலி மக்களின் தலைக்கு மேல் எதிரியின் கண்ணாகப் பறந்த அதே விமானம், 1914இல் டமஸ்கஸ் மக்கள் கொண்டாடி வரவேற்ற விமானம். இடையில் 1912இல் அது கொழும்பில் வேடிக்கை. மரமும் துணியும் கம்பியும் மாறவில்லை. யார் ஏறினார், எதைக் கொண்டுபோனார், கீழே யார் நின்றார் என்பதுதான் மாறியது.

ஃபத்ஹி பேயையும் நான் வெறும் வீரனாகச் சொல்லவில்லை. மக்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்து வாங்கியதும் யுத்தத்துக்கான விமானம்தான். அடி வாங்கியவன் அதே ஆயுதத்தைத் தேடிப் போவது மனித இயல்பு. அதன் விலை என்ன என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இந்த நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றும் உலகச் செய்தியில் தினமும் அதைப் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியில் விமானம் ஓட்டிக் குண்டு போட்டு விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டில் கீழே யாரும் இல்லை. எங்கள் மாதிரியின் அடியில், நிலத்தில், அய்ன் ஸாரா என்று எழுதிய ஒரு வெள்ளைத் துணியைப் பிள்ளைகள் விரித்திருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் முதலில் இறக்கையைத்தான் பார்க்கிறார்கள். பிறகு குனிந்து அதை வாசிக்கிறார்கள். எனக்கு அது போதும்.

கண்காட்சி முடிந்ததும் விமானம் நூலகத்தின் கூரையில் தொங்கும், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள். செய்தவர்களிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாக விளக்குவார்கள். தங்கூசியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.