யாருக்கும் விழாத பரிசு: கெடா மிதிவண்டியிலிருந்து ஜாக்பாட் வரை



இந்த அரங்கின் கேள்வி நேரத்தில், கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து நின்றார். ஒலிவாங்கியைப் பிடித்த கை நடுங்கியது. "ஐயா, எங்க வீட்டுக்காரரு கைப்பேசியில ஜாக்பாட் விளையாடுறாரு. தொகை ஏறிக்கிட்டே போகுது, இத்தனை நாளா யாருக்கும் விழல, அதனால இனிமே விழுந்துதான் ஆகணும்னு சொல்றாரு. இப்ப மக தோட்டைக் கழட்டிக் கேக்கறாரு. அவரு சொல்ற கணக்கு சரிதானா?" என்று கேட்டார்.

அரங்கில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூது கெட்டது என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அது அந்த அம்மாவுக்குத் தெரியாதா? அவர் கேட்டது அறிவுரை அல்ல, கணக்கு. ஆகவே கணக்காகவே பதில் சொல்கிறேன். அந்தக் கணக்கின் வரலாறு அவருடைய மாநிலத்திலேயே தொடங்குகிறது என்பதுதான் வேடிக்கை.

பரிசு ஒரு மிதிவண்டி

'நாலு நம்பர்' என்று நாம் சொல்லும் ஆட்டம் கெடாவில்தான் வேர் விட்டது என்று சொல்லப்படுகிறது. 1951ஆம் ஆண்டில், தந்தையை விபத்தில் பறிகொடுத்த பள்ளி மாணவன் ஒருவன் இரண்டு இலக்க எண் ஆட்டம் ஒன்றைத் தொடங்கினானாம். பரிசு ஒரு மிதிவண்டி.

அது எந்தக் காலம்? அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. கொரியப் போரால் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியிருந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் பக்கமெல்லாம் பால்மரக் காடுகள். லயத்து வீட்டில் ஒரு மிதிவண்டி இருந்தால் அது ஒரு சொத்து. பட்டணத்துக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம்.

இந்த ஆட்டத்தில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். இரண்டு இலக்கம் என்றால் 00 முதல் 99 வரை நூறே எண்கள். நூறும் விற்றுப்போனால் யாரோ ஒருவருக்கு அந்த மிதிவண்டி நிச்சயம். பரிசு என்னவென்று கண்ணுக்குத் தெரியும். யார் வென்றார் என்று ஊருக்கே தெரியும். நடத்துபவருக்கு எவ்வளவு மிச்சம் என்றுகூட மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நூறு பத்தாயிரமானது

இரண்டு இலக்கம் காலப்போக்கில் நான்கு இலக்கமானது. நூறு எண்கள் பத்தாயிரமாயின. 1952இல் லாட்டரிச் சட்டமும், 1953இல் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டமும் வந்தன. அனுமதி பெற்றது சட்டப்படி, பெறாதது குற்றம் என்ற கோடு விழுந்தது. 1969இல் நாலு நம்பர் ஆட்டத்துக்கு மேக்னம் நிறுவனம் அனுமதி பெற்றது. அதே ஆண்டில் ஸ்போர்ட்ஸ் டோட்டோவும் பிறந்தது.

அதற்குப் பிறகு நம் தோட்டங்களில் நடந்தது நீங்கள் அறியாததல்ல. கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர். சாலையில் கார் மோதினால், அடிபட்டவரைப் பார்ப்பதற்கு முன் வண்டி எண்ணைப் பார்த்தவர்களும் உண்டு.

இதன் கணக்கைப் பார்ப்போம். பெரிய பந்தயத்தில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அடுத்துப் பத்து எண்களுக்குத் தலா 180, இன்னும் பத்து எண்களுக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. பத்தாயிரம் எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டுபவர் 10,000 கொடுத்து 6,400 திரும்பப் பெறுகிறார். அதாவது வெள்ளிக்கு 64 காசு. மீதி 36 காசு போனது போனதுதான்.

வாரம் மூன்று குலுக்கல், தடவைக்குப் பத்து வெள்ளி என்றால் ஆண்டுக்கு 1,560 வெள்ளி. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஏறக்குறைய ஒரு மாத உழைப்பையே கட்டுகிறோம். சராசரியாக அதில் 562 வெள்ளி ஆண்டுதோறும் திரும்பாது. இருபது ஆண்டில் பதினோராயிரத்துக்கும் மேல்.

இருந்தாலும் இது நிலையான பரிசுள்ள ஆட்டம். இன்று யாருக்கும் விழவில்லை என்பதற்காக நாளைய பரிசு கூடாது. அந்த அம்மா கேட்டது இதைவிடத் தந்திரமான ஒன்றைப் பற்றி.

ஏறிக்கொண்டே போகும் தொகை

ஏறும் ஜாக்பாட் எப்படி வேலை செய்கிறது? நடத்துபவர் முதலில் ஓர் அடித்தொகையை வைக்கிறார். பிறகு ஒவ்வொருவர் கட்டும் பணத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு அதில் சேர்கிறது. யாருக்கும் விழாதவரை தொகை ஏறும். விழுந்ததும் மறுபடி அடித்தொகையிலிருந்து தொடங்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

வெள்ளிக்கு 2 காசு சேர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பலகையில் தொகை 10 லட்சம் வெள்ளி ஏறியிருந்தால், அதற்காக மக்கள் 5 கோடி வெள்ளி பந்தயம் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பலகை பத்து லட்சத்தை மின்ன மின்னக் காட்டும். அந்த ஐந்து கோடியைக் காட்டுமா?

அந்த மிதிவண்டியை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே பரிசு யாருக்காவது விழுந்தால்தான் ஆட்டம் முடியும். இங்கே யாருக்கும் விழாமல் இருந்தால்தான் ஆட்டம் வளரும். தோற்றவர்களின் பணமே அடுத்தவரை அழைக்கும் விளம்பரமாகிறது.

அப்படியானால் விழாமல் இருக்க என்ன வழி? வாய்ப்பை மிக மிகச் சிறிதாக்குவதுதான். டோட்டோவில் 58 எண்களில் 6 எண்களைச் சரியாகச் சொல்லும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சேர்க்கைகள் 4 கோடியே 4 லட்சத்து 75 ஆயிரத்து 358.

இந்த எண் மனத்தில் தங்காது. நம் வரலாற்றை வைத்துச் சொல்கிறேன். கெடாவின் பழைய தமிழ்ப் பெயர் கடாரம். இராசேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்தின்மீது படையெடுத்தான். அன்றைக்கே ஒருவர் வாரம் மூன்று சீட்டு வாங்கத் தொடங்கி, ஒரு வாரமும் விடாமல் ஆயிரம் ஆண்டு வாங்கியிருந்தால் எத்தனை சீட்டு? ஒரு லட்சத்து 56 ஆயிரம். மொத்தச் சேர்க்கைகளில் அது 259இல் ஒரு பங்கு!

பொறிக்குள் என்ன இருக்கிறது?

சூதாட்டப் பொறியும் இதே வழியில்தான் வளர்ந்தது. 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்பவர் மூன்று உருளைகள் கொண்ட பொறியைச் செய்தார். பிற்காலத்தில் வழக்கத்தில் இருந்த பொறிகளில் உருளைக்கு இருபது நிலைகள் என்றால், மூன்று உருளைக்கு 20 பெருக்கல் 20 பெருக்கல் 20, மொத்தம் 8,000 சேர்க்கைகள். எட்டாயிரத்தில் ஒரு முறை விழும் பொறி கோடிக்கணக்கில் பரிசு தர முடியாது. உருளையைப் பெரிதாக்கினால் ஆடுபவர் சந்தேகப்படுவார்.

இங்கே கணினி உள்ளே வந்தது. 1984இல் இங்கே டெல்னஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறையில், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினி எடுக்கும் எண் முடிவு செய்யும். உருளை அந்த முடிவைக் காட்ட மட்டுமே சுழலும். கண்ணுக்குத் தெரிவது இருபது நிலை. உள்ளே இருப்பது அதைவிடப் பல மடங்கு. இரண்டு ஏழு வந்து மூன்றாவது ஏழு மயிரிழையில் தப்பியதாக நாம் பதறுகிறோமே, அந்த மயிரிழை வெறும் காட்சி.

1986இல் அமெரிக்காவின் நெவாடாவில் பல சூதாட்ட விடுதிகளின் பொறிகளை ஒரே இணைப்பில் கோத்து 'மெகாபக்ஸ்' என்ற ஜாக்பாட் வந்தது. ஊரெல்லாம் தோற்றது ஒரே தொகையில் சேர்ந்தது. 2003 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ஒருவருக்கு 3 கோடியே 97 லட்சம் டாலர் விழுந்தது. உலகமே அந்தத் தொகையைப் பார்த்தது. தொகையை நிரப்பியவர்களின் படம் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை.

நம் நாட்டில் 1971இல் கெந்திங் மலையில் சூதாட்ட விடுதி திறந்தது. அன்று பொறியைத் தேடி மலையேற வேண்டியிருந்தது. இன்று பொறி நம் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

கெடா ஒரு முறை எழுந்து நின்றது

தாய்மார்களே, சம்பளப் பணம் வீடு வந்து சேராத துன்பம் நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் அது கள்ளுக்கடைக்குப் போனது. போருக்குப் பிறகு, 1946-47இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. படித்தவர்கள் வந்து சொல்லட்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. கள்ளுக்கடையை எதிர்த்துத் தாங்களே அணி திரண்டார்கள். போலீசாருடன் மோதல் மூண்டது. உயிரும் போனது. அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது. ஆனாலும் நம் கூலி யாருக்குப் போகிறது என்ற கேள்வியைக் கேட்ட பெருமை கெடாவுக்கு உண்டு.

கள்ளுக்கடைக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலில் நின்று மறிக்க முடிந்தது. நம்பர் கடைக்கும் வாசல் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் கெடா அரசு அந்தக் கடைகளுக்கு உரிமம் புதுப்பிக்கவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்கும் சென்றது. ஆனால் கைப்பேசிக்கு எந்த வாசலில் நின்று மறிப்பது? கடையில் கட்டினால் கையில் ஒரு சீட்டாவது இருக்கும். அனுமதியில்லாத செயலியில் உண்மையிலேயே எண் குலுக்கப்படுகிறதா என்று சோதிக்க யாருமில்லை. விழுந்தாலும் பணம் தருவார்களா என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

அம்மாவுக்குப் பதில்

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். "இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்தாக வேண்டும்." இது சரியா?

தவறு, அம்மா. நேர்மையாக நடக்கும் பொறியாகவே இருந்தாலும், ஒவ்வொரு சுற்றும் புதிய சுற்று. நேற்று விழாதது பொறிக்கு நினைவில் இல்லை. தொகை ஏறும்போது பரிசு பெரிதாகிறது, உண்மைதான். வாய்ப்பு பெரிதாவதில்லை. குறிப்பிட்ட தொகைக்குள் விழும்படி அமைத்த பொறிகளும் உண்டு. ஆனால் எந்தத் தொகையில், யார் கையில் என்பது ஆடுபவருக்குத் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சண்டை போடாதீர்கள். சண்டை போட்டால் மறைத்து ஆடுவார். ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுங்கள். ஒரு மாதத்துக்குப் போட்டது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம் அவர் கையாலேயே எழுதட்டும். பலகை காட்டாத கணக்கை அந்த நோட்டு காட்டும். அப்படியும் கை நிற்கவில்லை என்றால் அது ஆசை அல்ல, நோய். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகளின் தோட்டை மட்டும் கொடுக்காதீர்கள். அது போய்ச் சேர்ந்தால் பலகையில் சில காசுதான் ஏறும். அந்தச் சில காசைப் பார்த்து, இன்னொரு தோட்டத்தில் இன்னொரு தகப்பன் "இனிமே விழுந்துதான் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.