குப்பையிற் பொன் தேடும் நுண்ணங்கிகள்

ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்கே, வெல்வா மாகாணத்தில், ரியோ தின்தோ என்றோர் ஆறு ஓடுகிறது. சாயமேறிய ஆறு என்பது அப்பெயரின் பொருள். அதன் நீர் செந்நிறமானது, அமிலத்தன்மை மிக்கது. உரோமர் காலத்துக்கு முன்பிருந்தே அதன் கரைகளிற் செம்பும் வெள்ளியும் அகழப்பட்டு வந்தன. கனியக் கற்குவியல்களின்மீது நீரைப் பாய்ச்சி, வடிந்துவரும் நீரில் இரும்பை இட்டால், அவ்விரும்பின்மேற் செம்பு படியும். இவ்வுண்மையைச் சுரங்கத் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆயின், கல்லினுள் இருந்த செம்பை நீரிலே கரைத்துவிட்டவர் யார் என்பது மட்டும் நெடுங்காலம் எவருக்கும் புலப்படவில்லை.

1873ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு இச்சுரங்கங்களை ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு விற்றது. நீர்வழி மெதுவானது, நெருப்போ விரைவானது. எனவே, கந்தகம் நிறைந்த கனியக் கற்கள் திறந்த வெளியிற் பெருங் குவியல்களாக அடுக்கப்பட்டு, மாதக்கணக்காக எரிக்கப்பட்டன. அவற்றினின்றும் எழுந்த கந்தகப் புகை பயிர்களைக் கருக்கியது. மக்களின் மூச்சை அடைத்தது. 1888ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி, உழவரும் தொழிலாளரும் பெண்களும் பிள்ளைகளுமாக நகர மண்டபத்தின் முன்னே திரண்டு, புகையை நிறுத்துமாறு வேண்டி நின்றனர். படையினர் அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். இறந்தோர் 13 பேர் என்றது அரசாங்கக் கணக்கு. உண்மைத் தொகை அதனினும் பன்மடங்கு என்பதே அவ்வூர் மக்களின் நினைவில் நிலைத்தது.

புகையின்றிச் செம்பைக் கரைத்த அந்த மறைந்த ஊழியனைப் பற்றிய செய்தி வேறொரு நாட்டிலிருந்து வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கங்களினின்று வடியும் அமில நீரைச் சோதித்த கோல்மர், ஹிங்கிள் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், 1947ஆம் ஆண்டில் அந்நீரில் ஒருவகைப் பற்றீரியா வாழ்வதை வெளிப்படுத்தினர். நீரிற் கரைந்துள்ள இரும்பை ஒட்சியேற்றி, அதனாற் பெறுஞ் சக்தியைக் கொண்டே அது உயிர்வாழ்கிறது. ஒட்சியேறிய இரும்பு, அயலிலுள்ள செம்பைத் தாக்கிக் கரைக்கிறது. அவ்வாறு கரைக்கையில் இரும்பு பழைய நிலைக்கு மீள, பற்றீரியா அதனை மறுபடியும் ஒட்சியேற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர் தன் வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் வேலையே மனிதனுக்குச் செம்பாகக் கிடைக்கிறது.

1958ஆம் ஆண்டில், அமெரிக்கச் செம்புக் கம்பனியான கெனிக்கொட்டைச் சேர்ந்தோர் இம்முறைக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றனர். 1986ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவின் பாபர்டன் அருகேயுள்ள பெயர்வியூ சுரங்கத்திற் பற்றீரியா பொன்னின் பணிக்கும் அமர்த்தப்பட்டது. அங்கே பொற்றுணுக்குகள் கந்தகக் கனியங்களுக்குள் சிறைப்பட்டிருந்தன. நுண்ணங்கிகள் அச்சிறைச் சுவரை அரித்துக் கொடுத்தன. அதன் பின்னரே மனிதர் பொன்னைப் பிரித்தெடுத்தனர்.

இக்காலத்திலோ புதியதொரு சுரங்கம் மண்ணுக்கு மேலே தோன்றியிருக்கிறது. கைவிடப்பட்ட கணினிகள், கைத்தொலைபேசிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆகியவற்றின் குவியலே அது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்சாதனக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே. இக்குப்பையிற் பொன் இருப்பது வெறும் பேச்சன்று. 2020ஆம் ஆண்டுக்குரியதாகி, 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் பதக்கங்களுக்காக, யப்பானிய மக்கள் பழைய சாதனங்களை வழங்கினர். அவற்றிலிருந்து 32 கிலோகிராம் பொன் பெறப்பட்டது.

ஆனால், அப்பொன்னை எடுக்கும் வழி எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. சீனாவின் குவாங்டொங் மாகாணத்துக் குய்யூ நகரிற் பல ஆண்டுகளாக ஏழைத் தொழிலாளர் கம்பிகளை எரித்தும், மின்சுற்றுப் பலகைகளைக் கரியடுப்பில் வாட்டியும், அமிலத் தொட்டிகளில் தோய்த்தும் உலோகம் பிரித்தனர். அவ்வூர்ச் சிறுவரின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு அயலூர்ச் சிறுவரினும் மிகுதியாக இருந்ததை 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ரியோ தின்தோவின் புகை வேறு வடிவில் மீண்டும் எழுந்தது எனலாம்.

இந்நிலையில், சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2001ஆம் ஆண்டில், தூளாக்கிய மின்சாதனக் கழிவிலிருந்து செம்பு முதலிய உலோகங்களைப் பற்றீரியாவும் பூஞ்சணமும் கரைப்பதை எடுத்துக்காட்டினர். பொன்னோ இவ்வமிலத்துக்கு அசையாது. அதற்கு வேறோர் உயிர் வேண்டும். வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் ஊதாநிறப் பற்றீரியா ஒன்று, தானே சிறிதளவு சயனைட்டை உண்டாக்குகிறது. அந்தச் சயனைட்டு பொன்னைக் கரைக்கிறது. செம்பு மிகுந்திருந்தால் அது சயனைட்டைத் தனக்கே எடுத்துக்கொள்ளும். ஆதலால், முதலில் அமில வழியிற் செம்பை நீக்கி, பின்னர் பொன்னை நாடுவதே முறை.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. நெருப்பு ஒரு பொழுதிற் செய்வதை நுண்ணங்கி பல நாளிற் செய்கிறது. கழிவிலுள்ள நச்சு உலோகங்கள் அதனையே கொன்றுவிடவுங் கூடும். சயனைட்டு எவர் உண்டாக்கினும் நஞ்சே. வடிந்த நீரைக் காவலின்றி வெளியே விட்டால், பழைய கேடு புதிய பெயருடன் வந்து சேரும். எனவே, நுண்ணங்கியை அமர்த்தியதனால் மட்டும் மனிதனின் பொறுப்பு நீங்கிவிடாது.

குப்பையிற் பொன் உண்டு என்பதை உலகம் அறிந்துகொண்டது. அதனை எடுப்பதற்கு எவருடைய மூச்சு விலையாகக் கொடுக்கப்படுகிறது என்பதே எஞ்சி நிற்கும் வினா. 1888ஆம் ஆண்டில் அந்நகர மண்டபத்தின் முன்னே கூடியவர்கள் செம்பு வேண்டாமென்று சொல்லவில்லை. மூச்சுவிட இடம் வேண்டுமென்றே கேட்டனர். அவர்கள் ஊரின் செந்நீருக்குள் அப்பொழுதும் அச்சிற்றுயிர்கள் ஓசையின்றிச் செம்பைக் கரைத்துக்கொண்டுதான் இருந்தன.