நாளா, தரமா? டெபியனும் உபுண்டுவும்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் வயிற்றில் பிறந்த பிள்ளை உபுண்டு. ஆனால் புதிய பதிப்பை எப்போது வெளியிடுவது, அதற்கு என்ன எண் இடுவது என்பதில் தாய்க்கும் பிள்ளைக்கும் வழி வேறு.

உபுண்டுவின் எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கின்றன. 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பு 4.10. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு. 24.04 என்று பார்த்ததுமே 2029 வரை கவலையில்லை என்று கணக்குப் போட்டுவிடலாம். பல கணினிகளைக் கட்டி மேய்ப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

டெபியனின் 12, 13 என்ற எண்கள் வரிசையை மட்டுமே சொல்லும். நாள் கேட்டால், 'தயாரானதும் வரும்' என்பதே பதில். புதிய பேக்கேஜ் (நிறுவுவதற்கான மென்பொருள் பொதி) முதலில் 'அன்ஸ்டேபிள்' கிளைக்குள் நுழையும். சில நாட்கள் பெரிய வழு எதுவும் தலைகாட்டாவிட்டால் 'டெஸ்டிங்' போகும். பிறகு புதிய மாற்றங்களுக்குக் கதவடைத்து, மிச்சமிருக்கும் வழுக்களைத் தீர்த்தபின்தான் 'ஸ்டேபிள்' பதிப்பாக வெளிவரும். இந்தப் பொறுமைக்கு விலையும் உண்டு: 2002 ஜூலையில் 3.0 வந்தது, 3.1 வர 2005 ஜூன் ஆகிவிட்டது.

இருவரின் உறவு பேக்கேஜ் எண்ணில் பளிச்சென்று தெரியும். '1.2-3உபுண்டு1' என்றால், 1.2 மூல ஆசிரியர் இட்டது. 3 டெபியனின் திருத்த எண். கடைசிப் பகுதி உபுண்டு செய்த மாற்றம். மூன்று கைகளின் உழைப்பும் ஒரே வரியில் பதிவாகிறது. உபுண்டு பேக்கேஜ்களில் பெரும்பகுதி டெபியனின் அன்ஸ்டேபிளிலிருந்து வருபவைதான்.

காலப்போக்கில் இரண்டும் நெருங்கி வந்தன. 2006 ஏப்ரலில் வரவேண்டிய உபுண்டு பதிப்பை இன்னும் செப்பனிட வேண்டும் என்று ஜூனுக்குத் தள்ளினார்கள், எண்ணும் 6.06 ஆனது. டெபியனோ 2009-இல், கதவடைக்கும் காலத்தை முன்கூட்டியே குறிப்பது என்று முடிவெடுத்தது. வெளியீடு மட்டும் பழையபடி தயாரானதும்தான். 2011 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. 13 வந்தது 2025 ஆகஸ்டில்.

என் மனம் டெபியனின் இந்தப் பிந்தைய ஏற்பாட்டின் பக்கமே சாய்கிறது. புதியதைச் சேர்ப்பதற்குக் கெடு வைக்கலாம். வழு தீர்வதற்குக் கெடு வைக்க முடியாது. ஓய்வு நேரத்தில் நிரல் எழுதும் தன்னார்வலர்களை நம்பி நடக்கும் சிறு திட்டங்களும் இதைப் பின்பற்றலாம்: வெளியீட்டு நாளை அறிவிப்பதற்கு முன், மாற்றங்களை நிறுத்தும் நாளை அறிவியுங்கள்.