பிளேக் காலத்து இரண்டு தேதிகள்

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்தார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897 ஜனவரி 10 அன்று ஹாஃப்கின் தாம் தயாரித்த தடுப்பூசியைத் தம் உடலிலேயே போட்டுப் பார்த்தார். மருத்துவ வரலாறு இந்தத் தேதியை மறப்பதில்லை.

சரியாக இரண்டு மாதம் கழித்து, மார்ச் 10 அன்று, சாவித்திரிபாய் புலே இறந்தார். இதை எந்த மருத்துவப் பாடத்தில் படித்தோம்? புனேவுக்கு வெளியே, மருத்துவரான மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்கு, முண்ட்வா மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைச் சுமந்துவந்தார். அந்த நோயே அவரையும் கொண்டுபோனது. எலியின் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று கராச்சியில் சிமோன் காட்டியது 1898இல். அதற்கு முன்பே, ஊர் தொட மறுத்த பிள்ளையை அவர் தொட்டுத் தூக்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 66.