நெல்லை டீம்ல நெல்லைக்காரன் யாருவே?

கிரிக்கெட் பேச்சு வந்தாலே நம்ம டீக்கடை அண்ணாச்சி ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுவார்: "ஏலத்துல எடுத்த ஆளுக எப்படிவே நம்ம ஊர் டீம் ஆவான்?" கேள்வி நியாயம்தான். அதுக்குப் பதில் தேடின கதைதான் இது.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் ஆரம்பிச்சப்போ டிராஃப்ட் முறை. அணிகள் வரிசையா ஒவ்வொரு ஆளா பொறுக்கிக்கும். காசு போட்டி கிடையாது. தாமிரபரணி போய்ச் சேர்ற தூத்துக்குடிக்கு டூட்டி பேட்ரியாட்ஸ்னு ஒரு டீம். தினேஷ் கார்த்திக் தலைமையில முதல் வருஷமே கோப்பை அடிச்சாங்க. அப்புறம் என்னாச்சு? அந்த டீமே சேலத்துக்குப் போயிடுச்சு. ஆட்டக்காரங்க மட்டுமில்ல, டீமும் ஊர் மாறும் மக்களே!

நெல்லை ராயல் கிங்ஸ் வந்தது அதுக்கப்புறம். 2022-ல் லீக் பட்டியல்ல முதலிடம். அந்த சீசன்ல அதிக ரன், 452, அடிச்சது நம்ம சஞ்சய் யாதவ்.

2023 பிப்ரவரியில மாமல்லபுரத்துல முதல் ஏலம். ஒரு டீமுக்கு 70 லட்சம்தான் பை. வாழைத்தார் ஏலம் பார்த்தவங்களுக்குத் தெரியும், நல்ல தாருக்கு மொத்தக் காசையும் விட்டா மிச்ச வண்டி காலி. சஞ்சயை சேப்பாக் 17.6 லட்சத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. பாபா அபராஜித்தும் அங்கேயே. சாய் சுதர்சன் 21.6 லட்சத்துக்கு கோவைக்கு. நெல்லை 15.2 லட்சத்துக்கு சோனு யாதவை எடுத்துச்சு.

போச்சுடானு நினைச்சேன். ஆனா அந்த வருஷம் ரன் குவிச்சது பெரிய விலையில அடிபடாத அஜிதேஷ் குருசாமி! ஜூலை 10-ல் சங்கர் நகர் மைதானத்துல திண்டுக்கல்லோட மோதல். 2 ஓவர்ல 37 வேணும். 19-வது ஓவர்ல மட்டும் 33! ரித்திக் ஈஸ்வரன் 11 பந்துல 39. ஊரே ஆடிப்போச்சு.

ரெண்டு நாள் கழிச்சு அதே மைதானத்துல ஃபைனல். கோவை 205. நாம 101-க்கு ஆல் அவுட். சொந்த மண்ணுல 104 ரன் தோல்வி. வலிச்சுதுல்ல? :-(

அந்த வலிதான் அண்ணாச்சிக்குப் பதில்னு தோணுது. சேப்பாக்குக்குப் போன சஞ்சய்க்காக நாம கவலைப்படல. 11 பந்து அடிச்சவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். ஆள் எந்த ஊர்ல பிறந்தாலும், அவன் தோத்தா நமக்கு ராத்திரி சோறு இறங்கலேன்னா அவன் நம்ம ஆளு.

அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னேன். "சரிவே, டீம் நாளைக்கு வேற ஊருக்குப் போச்சுன்னா?"

தூத்துக்குடிக்காரங்ககிட்டதான் கேட்கணும்.