பொப்பிசையில் யாழ்ப்பாணத்துப் பேச்சு

மேனாட்டுப் பொப்பிசை 1960களிலும் 1970களிலும் ஈழத்தமிழிலும் வேரூன்றியது. அதில் முன்னின்றவருள் ஒருவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். அவர் இயற்றிப் பாடிய 'சின்ன மாமியே', மாமியிடம் மகளைப் பற்றி வினவும் ஓர் இளைஞனின் பேச்சாகும். அதில் ஒலிப்பது ஏட்டுத் தமிழன்று; யாழ்ப்பாணத்து முற்றத்துத் தமிழ். கருநாடக இசையே சபைகளில் மதிப்புப் பெற்றிருந்த குடாநாட்டில் இது சிறிய துணிவன்று. கள்ளுண்ணலைக் கண்டிக்கும் பாடலும் அவருடையதே. புத்திமதிக்கும் தாளம் போடவைத்தார்!

ஏ. ஈ. மனோகரன் புகழ்பெறச் செய்த 'சுராங்கனி' 1977இல் தமிழகத் திரைப்படமொன்றில் ஒலித்தது; அவரும் சென்னைத் திரையுலகில் நடிகராய் அறியப்பட்டு, 2018இல் அங்கேயே மறைந்தார். 'சின்ன மாமியே'யும் கடல் கடந்தது. எனினும், அதனை இன்று பாடி ஆடுவோருட் பலர் இயற்றியவர் பெயரை அறியார். நாட்டார் பாடலென்றே எண்ணுவர்.