நீலகிரிக் காட்டுப்புறா

நீலகிரிக் காட்டுப்புறா மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் சோலைகளிலும் வாழும் பெரிய புறா இனம். விலங்கியல் பெயர் கொலம்பா எல்ஃபின்ஸ்டோனீ. 1819 முதல் 1827 வரை பம்பாய் ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டனின் நினைவாக, கர்னல் சைக்ஸ் 1830களில் இப்பெயரைச் சூட்டினார்.

தோற்றம்: நீளம் ஏறத்தாழ 40 செ.மீ. தலையும் அடிப்பகுதியும் சாம்பல் நிறம், முதுகு செம்பழுப்பு. பிடரியில் வெள்ளை நுனி கொண்ட கரிய இறகுகள் சதுரங்கக் கட்டம்போல் அமைந்திருப்பதே முக்கிய அடையாளம். அலகு வெளிர் நுனியுடன் சிவந்திருக்கும்.

வாழ்முறை: மர உச்சிகளில் பழங்களைத் தேடி உண்ணும். உதிர்ந்த பழங்களுக்காகத் தரையிலும் இறங்கும், நத்தைகளையும் தின்னும். ஆழ்ந்த குரலில் விட்டுவிட்டுக் கூவும். மரக்கிளைகளில் சுள்ளிகளால் மெலிதாகக் கூடு கட்டி, ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும்.

பரவல்: தமிழகத்தில் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் காணப்படுகிறது. கிழக்கே கர்நாடகத்தின் நந்தி மலையில் ஒரு சிறு கூட்டம் தனித்து வாழ்கிறது.

பாதுகாப்பு: தேயிலைத் தோட்டங்களுக்காகச் சோலைகள் அழிக்கப்பட்டதாலும் முற்கால வேட்டையாலும் எண்ணிக்கை குறைந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.